தேடல் எடை

தம்பியின் படம் பலகையில் வந்தபோது ஜெனோவா அழவில்லை. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

முந்தின நாள் மாலையிலிருந்து கிளாட்வினைக் காணவில்லை. போன் அணைந்து கிடந்தது. இப்போது இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. தென்கடல் மண்டலச் சிறை, மூன்றாம் தொகுதி. படத்தில் நீலச் சட்டை போட்டிருந்தான். இடது புருவத்தின் மேல் வீங்கியிருந்தது. படத்துக்குக் கீழே விவரங்கள்: என்ன வழக்கு, யார் பிடித்தது, எப்போது நீதிபதி முன் நிறுத்துவார்கள். கடைசி வரி உடல்நிலை. வலிப்பு நோய் உண்டு. மாத்திரை கொடுக்கப்பட்டது.

அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

பலகை என்று ஜனங்கள் சொல்வது அரசாங்கத்தின் கைதுப் பதிவுப் பலகையை. போலீஸ் கூட்டிக்கொண்டு போனவர்கள் வீடு திரும்பாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊர் ஊராகப் பந்தல் போட்டு உட்கார்ந்து வாங்கிய சட்டம் அது. யாரைப் பிடித்தாலும் ஒரு நாளுக்குள் படத்தோடு பலகையில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றியதை யாராலும் அழிக்க முடியாது. யார் வேண்டுமானாலும் தேடலாம். போன் திரையில் கட்டைவிரலை வைக்க வேண்டும், அவ்வளவுதான். தேடுவது மெய்யான ஆள்தானா என்று பலகைக்குத் தெரிய வேண்டுமாம்.

நடந்தது சின்ன விஷயம். படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்த ஓர் அதிகாரி சவேரியார்துறைக்கு வந்தார். வாக்குவாதம் வந்தது. யாரோ தள்ள, அவர் துறையிலிருந்து தண்ணீரில் விழுந்தார். எல்லோரும் ஓடிவிட்டார்கள். கிளாட்வின் மட்டும் குதித்து அவரைத் தூக்கிக் கரை சேர்த்தான். போலீஸ் வந்தபோது கையில் சிக்கியவன் அவன் ஒருவன்தான். தள்ளியது யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றான்.

சவேரியார்துறையில் ஒரு வீட்டுக்கு ஒன்று என்றால் விசாரிக்காமல் இருப்பது பகைக்குச் சமம். காய்ச்சல் வந்தாலும் சரி, வலை அறுந்தாலும் சரி, வாசலில் வந்து நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வேண்டும். கேட்காதவர் வீட்டில் நாளைக்கு ஒரு நல்லது நடந்தால் இந்த வீட்டிலிருந்தும் யாரும் போக மாட்டார்கள். ஆகவே ஜெனோவா ஊர் வழக்கப்படியே செய்தாள். குடும்பக் குழுவில் செய்தி போட்டாள். தம்பி கிடைத்துவிட்டான், பலகையில் இருக்கிறான், எல்லோரும் பாருங்கள்.

எல்லோரும் பார்த்தார்கள். குவைத்தில் இருக்கும் பெரியப்பா பிள்ளைகள் பார்த்தார்கள். கொழும்பில் கட்டிக்கொடுத்த அத்தை மகள் பார்த்து, தன் மாமியாரையும் பார்க்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமி ஒலிபெருக்கியில் கிளாட்வினுக்காக ஜெபிக்கச் சொன்னார். பெயரையும் தொகுதியையும் வாசித்தார். கோயிலுக்குள்ளேயே ஜனங்கள் போனை எடுத்துக் கட்டைவிரலை வைத்தார்கள். சிலுவை போட்டுக்கொள்வதுபோல அது வரிசை வரிசையாக நடந்தது.

படத்தின் மூலையில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் அம்மா லூர்தம்மாள் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாண வீட்டில் பந்தி எண்ணுகிறவள்போல ஜெபம் முடித்து வந்து கேட்டாள். பெரிய வீட்டுக்காரர்கள் பார்த்தார்களா, பிலோமினா சித்தி பார்த்தாளா என்று துருவினாள்.

"யார் யாருன்னு அதுல காட்டாதும்மா" என்றாள் ஜெனோவா.

"எண்ணம் காட்டுதுல்லா. ஆயிரம் தாண்டிட்டு பாரு. எம்பிள்ள அனாதயில்ல."

ஜாமீன் கிடைக்கவில்லை.

நீதிபதி தலை நிமிரவே இல்லை. திரையைப் பார்த்தார், மறுத்தார், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். வக்கீல் ஹமீதா ஜெனோவாவை நீதிமன்றத்துக்குப் பின்னால் இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனாள். ஹமீதாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. பேசும்போது எதிராளியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

"சின்ன வழக்குன்னுதானே மேடம் சொன்னீங்க?"

"வழக்கு சின்னதுதான். ஆளு பெரிய ஆளாயிட்டான்."

ஜெனோவாவுக்குப் புரியவில்லை.

"வெளிய விட்டா இவன் சாட்சியக் கலைப்பானா, கூட்டம் சேப்பானான்னு மெஷின் ஒரு கணக்குப் போட்டுக் குடுக்கும். நீதிபதி அதத்தான் பாக்குறாரு. அந்தக் கணக்குக்குப் பலகைதான் மூலம். ஒருத்தன அஞ்சு பேரு தேடினா அவன் குடும்பஸ்தன். அம்பது பேரு தேடினா நாலு பேருக்குத் தெரிஞ்சவன். ஆயிரம் பேரு, ஒரே காலையில, ஒரே கட்டடத்துக்குள்ள இருந்து தேடினா அவன் யாரு?"

"அது கோயில் மேடம்."

"மெஷினுக்குக் கோயில் தெரியாது. ஒருங்கிணைந்த கூட்டம்னு போட்டிருக்கு. குவைத், கொழும்பு ரெண்டையும் வெளிநாட்டுத் தொடர்புன்னு போட்டிருக்கு. இதுக்குப் பேரு தேடல் எடை."

"பெரியப்பா மக்க எப்படி இருக்கான்னு பாத்தாங்க. அவ்ளோதான்."

"எனக்குத் தெரியுது."

ஜெனோவா இதை யாரும் சொல்லவில்லையே என்றாள். சட்டத்தில் இல்லை, விதிகளின் பின்னிணைப்பில் இருக்கிறது என்றாள் ஹமீதா. பிறகு சற்று நேரம் ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பலகை வேணும்னு பந்தல்ல பட்டினி கிடந்தவதான் நானும். ஜெயிச்ச அன்னைக்கு லட்டு குடுத்தோம். பின்னிணைப்ப யாரும் படிக்கல."

வழி ஒன்று இருந்தது. யாரும் தேடாமல் இருந்தால் எடை தானாகக் கரையும். சனிக்கிழமை மறுபரிசீலனை. அதற்குள் கரைந்தால் விட்டுவிடுவார்கள். கரையாவிட்டால் வடக்கே தனிச்சிறைக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஜாமீன் கேட்கவே முடியாது. வலிப்புக்காரன் அங்கே என்ன ஆவான் என்று ஹமீதாவும் சொல்லவில்லை, ஜெனோவாவும் கேட்கவில்லை.

"நீங்களும் பாக்கக் கூடாது ஜெனோவா."

"மாத்திரை குடுத்தாங்களான்னு பாக்கணுமே."

"உங்களோடதுதான் இருக்கறதுலயே கனம். கூடப் பிறந்தவ, ராப்பகலாத் தேடுறா. வக்கீல் பாத்தா எடை ஏறாது. நான் பாத்துச் சொல்லுறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இத யார்ட்டயும் விளக்கிட்டு இருக்காதீங்க. எடையக் குறைக்க ஆள் சேத்தாங்கன்னு தெரிஞ்சா அதுக்குத் தனி வழக்கு. உங்களையும் பலகையில பாக்க வேண்டி வரும்."

வீட்டுக்கு வந்ததும் ஜெனோவா குடும்பக் குழுவில் இன்னொரு செய்தி போட்டாள். தயவுசெய்து இனி யாரும் கிளாட்வினைப் பலகையில் பார்க்க வேண்டாம். காரணம் எழுதவில்லை.

ஏன், என்ன ஆச்சு, அடித்துவிட்டார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். மறுநாள் ஹமீதா கூப்பிட்டு எடை ஏறியிருக்கிறது என்றாள்.

அன்று சித்தி பிலோமினா நேரிலேயே வந்து வருத்தப்பட்டாள். தூக்கி வளர்த்த பிள்ளையை விசாரிக்கக்கூட உரிமை இல்லையா, வக்கீல் வந்ததும் சொந்தம் வேண்டாமல் போய்விட்டதா என்றாள். லூர்தம்மாளும் அவளோடு சேர்ந்துகொண்டாள். ஜெனோவா வேலைக்கு நேரமாயிற்று என்று இறங்கிவிட்டாள்.

அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இருட்டறையில் ஆட்களை நிறுத்தி, மூச்சைப் பிடியுங்கள் என்பாள். இப்போது அதைச் சொல்லிவிட்டு விடச் சொல்ல மறந்துபோனாள். ஒரு கிழவர் முகம் சிவந்து தானாகவே விட்டார். இடைவேளையில் கை தானாகப் போனுக்குப் போயிற்று. மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்துக் கட்டைவிரலைச் சுற்றி ஒட்டிக்கொண்டாள். விரல் தெரியாவிட்டால் பலகை திறக்காது.

வேண்டிக் கேட்டால் இந்த ஊர் நிறுத்தாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்பதை இந்த ஊரில் யாரும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டதே இல்லை. காப்பி வேண்டாம் என்றாலும் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அவர்களாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்படித் திருப்ப வைப்பது எது என்று யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் பிலோமினா வீட்டுக்குப் போனாள். சித்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கோபம் ஆறவில்லை. உட்காரச் சொல்லவில்லை.

"சித்தி, உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். அம்மைக்கே தெரியாது."

பிலோமினா கையைக் கழுவினாள்.

"அவன் உள்ள பேர் சொல்ல ஆரம்பிச்சிட்டான்."

"யார் பேர?"

"அன்னைக்கு யார் யார் நின்னாங்களோ, அவங்க பேர. அவனுக்குத் தெரியாததுக்கு, அவனத் தேடுறவங்க பேர எடுத்துக் காட்டுதாங்க. இவனத் தெரியுமா, அவனத் தெரியுமான்னு. எல்லாத்துக்கும் ஆமான்னு தலையாட்டுதான். அதான் யாரும் பாக்காதீங்கன்னு சொன்னேன். நீங்க புரிஞ்சிக்கல."

"நம்ம கிளாட்வினா?"

"அடி தாங்கமாட்டான் சித்தி."

பிலோமினா மீன் சட்டியை மூடிவைத்தாள். பிறகு, நான் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று மாதா பேரில் சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் ஜெனோவா அவளிடம் வந்திருந்தாள். பிலோமினாவிடம் ரகசியம் என்று சொன்னது எதுவும் கரையில் ஒரு பொழுது தங்கியதில்லை.

இதுவும் தங்கவில்லை.

மறுநாள் காலை, படகில் கிளாட்வினோடு பங்காளியாக இருக்கும் சகாயம் வந்தான். சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் கடலுக்குப் போகிறவர்கள். வாசலில் நின்று பேசாமல் ஒரு பையை வைத்தான். உள்ளே கிளாட்வினின் மழைக்கோட்டும் செருப்பும் இருந்தன. ஜெனோவா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. மதியத்துக்குள் கிளாட்வினின் பங்கில் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

கோயிலில் லூர்தம்மாள் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை. குடும்பக் குழுவில் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். குவைத்துப் பெரியப்பா மகன் போகும்போது ஒரு வரி எழுதிவிட்டுப் போனான். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, மன்னிக்கவும்.

அம்மா அன்று சாப்பிடவில்லை. அடுப்படியில் நின்றபடி கேட்டாள்.

"வெளிய ஒரு பேச்சு பேசுதாளுவ. உள்ளதா?"

ஜெனோவா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் நிஜத்தைச் சொன்னால் அது பிலோமினாவிடம் சொன்னதைவிட வேகமாகப் போகும். பிள்ளையைத் திட்டினால் அம்மாவுக்குத் தாங்காது. தெருவில் இறங்கி எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

"தெரியலம்மா."

"ஒனக்கா தெரியல?" என்றாள் லூர்தம்மாள்.

எடை இறங்கத் தொடங்கியது. ஹமீதா தினமும் கூப்பிட்டுச் சொன்னாள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்வாள். நல்ல வேகத்தில் இறங்குகிறது, என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டாள். ஜெனோவா சொன்னாள். இன்றைக்கு மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி ஹமீதா போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நெருங்கியபோது இறங்குவது நின்றுபோயிற்று. ஊரில் ஒருவரும் தேடவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆள் விடாமல் தேடுகிறார் என்றாள் ஹமீதா. விடிந்ததும் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. அந்த ஒன்று எடையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. நெருங்கின ஆளாகத்தான் இருக்கும். யாரென்று பார்க்க மனுப்போட வேண்டும்.

ஜெனோவாவுக்கு மனு தேவைப்படவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவின் இடுப்பிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"நான் பாக்கல" என்றாள் லூர்தம்மாள்.

"பொய் சொல்லாத."

"பாக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன. எதுக்குன்னு சொல்லல, கேக்கவுமில்ல. மனசு கெடந்து அடிக்கு, பாக்கல. மாதா மேல ஆணை."

"உன்னால அவன் சாவான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. லூர்தம்மாள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஜெனோவா போனைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாளும் தேடல் இருந்தது.

மத்தியானம் ஹமீதா ஸ்கேன் சென்டருக்கே வந்துவிட்டாள். நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் ஜெனோவாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சிருச்சு. தேடல் வெளிய இருந்து வரல. சிறைக்குள்ள இருந்து வருது."

கைதிகளுக்குத் தங்கள் பதிவைச் சரிபார்க்கும் உரிமை உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் அதற்கு ஒரு திரை சுவரில் பதித்திருக்கிறார்கள். காலையும் மாலையும் வரிசையில் நின்று பார்க்கலாம்.

"பெரும்பாலானவங்க ஒரு தடவ பாத்துட்டு விட்டுருவாங்க. இவன் தினம் பாக்குறான்."

"எதுக்கு?"

"எண்ணிக்கையப் பாக்குறான். எத்தன பேரு தன்னத் தேடுறாங்கன்னு. மொத ரெண்டு நாள் ஆயிரம் பாத்தான்ல. இப்ப அது நகரல. அதான் திரும்பத் திரும்ப வந்து பாக்குறான்."

உள்ளே யாரோ நோயாளி இருமினார். ஜெனோவா எழுந்திருக்கவில்லை.

அவனிடம் சொல்லிவிடலாமே என்றாள். சந்திப்பு அறையில் பேசுவது எல்லாம் பதிவாகிறது, எடை என்ற சொல் வாயில் வந்தாலே சந்திப்பு முடிந்துவிடும், வழக்கும் வரும் என்றாள் ஹமீதா. சாயங்காலம் ஒரு சந்திப்புக்கு அனுமதி இருக்கிறது. குடும்பத்திலிருந்து ஒரு செய்தி சொல்லலாம். அதைக் கேட்டு அவனாகவே பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

"என்ன சொல்லட்டும்?"

ஜெனோவா கட்டைவிரலின் பிளாஸ்திரி ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வீட்ல யாரும் ஒன்னத் தேடலன்னு சொல்லுங்க. இனிமேயும் தேட மாட்டோம்னு. நீயும் எங்களத் தேட வேண்டாம்னு அக்கா சொன்னான்னு சொல்லுங்க."

"ஜெனோவா."

"வேற எதச் சொன்னாலும் பாப்பான் மேடம். அவன எனக்குத் தெரியும்."

"வெளிய வந்ததும் சொல்லிப் புரிய வச்சிரலாம்" என்றாள் ஹமீதா. அது யாருக்கான ஆறுதல் என்று இருவருக்குமே தெரியவில்லை.

செய்தியைச் சொன்னபோது அவன் என்ன சொன்னான் என்று ஜெனோவா பிறகு கேட்டாள். சரி என்று தலையை ஆட்டினான் என்றாள் ஹமீதா. அன்று சாயங்காலம் யாரும் தேடவில்லை.

சனிக்கிழமை அவனை விட்டுவிட்டார்கள். பலகையில் படத்தின் மேல் பச்சைக் கோடு விழுந்துவிட்டது என்று ஹமீதா கூப்பிட்டுச் சொன்னாள். சிறை வாசலிலும் கேமரா உண்டு, அழைத்துப்போக வருகிறவர்களும் கணக்கில் சேருவார்கள், ஒருவரும் வர வேண்டாம், அவனே பஸ் ஏறி வரட்டும் என்று ஹமீதா முன்பே சொல்லியிருந்தாள். ஜெனோவா வீட்டில் இருந்தாள். லூர்தம்மாள் இறால் வாங்கிவந்து உரித்தாள். ஊர் என்ன சொன்னாலும் வருகிறவன் பசியோடுதானே வருவான்.

பஸ்கள் வந்தன. அவன் வரவில்லை.

மறுநாள் ஜெனோவா ஊர்த் திருப்பத்துக்கு நடந்துபோனாள். அங்கே பரோட்டாக் கடை வைத்திருப்பவர் அவளைப் பார்த்ததும் கல்லைத் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு தடவை கேட்ட பிறகு சொன்னார். நேற்று மத்தியானம் கிளாட்வின் இங்கே இறங்கினான். கரைப் பையன்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்து ஏதோ சொன்னார்கள். அவன் அவர்களை ஏதோ கேட்டான். ஒருவன் அவன் காலடியில் காறித் துப்பினான். அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். எதிர்ப்பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

"எந்த ஊர் பஸ்?"

"போர்டு பாக்கலம்மா."

சிறையில் விடும்போது மாத்திரை கொடுத்து அனுப்புவதில்லை. அவனுடைய போன் இன்னும் நீதிமன்றக் காவலில் இருந்தது. மாத்திரை இல்லாமல் மூன்றாம் நாள் அவனுக்கு வலிப்பு வரும். தண்ணீர்ப் பக்கம் நின்றால் அதோடு முடிந்தது. ஜெனோவா அங்கிருந்தே காவல் நிலையத்துக்குப் போனாள்.

மேசையில் இருந்த பெண் காவலர் இளவயதுக்காரி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பெயரைக் கேட்டுத் திரையில் போட்டாள். பிறகு திரையையும் ஜெனோவாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ஏறாதுக்கா."

"ஏன்?"

"காணாமப் போனவருன்னு பதியணும்னா எடை வேணும். முன்னாடி நெறயப் பேரு சண்டை போட்டுட்டுப் போனவங்களை எல்லாம் காணோம்னு எழுதிக் குடுத்தாங்க. அதுக்காக இப்படி வச்சிருக்காங்க. உண்மையிலேயே காணோம்னா நாலு பேரு தேடுவாங்கல்ல. இவருக்கு ஒண்ணுமே இல்ல. சொந்த வீட்ல கூடத் தேடல."

"நான் தேடுதேன்."

"இப்பதான் வந்திருக்கீங்க. ஒரு வாரமா உங்க விரல் எங்கயுமே இல்ல." அவள் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "யாரும் தேடாத ஆளக் காணோம்னு நான் எப்படி எழுதுவேன்? ஊர்ல சொல்லுங்க. ஒரு அம்பது பேரு இன்னைக்கே பாத்தாங்கன்னா போதும். தானா ஏறிரும். எல்லா மண்டலத்துக் கேமராவும் அவரத் தேட ஆரம்பிச்சிரும். ஒங்களுக்கு அம்பது பேரு இருக்க மாட்டாங்களா?"

ஜெனோவா பிளாஸ்திரியைப் பிய்த்தாள். விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. திரையில் வைத்தாள். அது அவளை ஏற்றுக்கொள்ள இரண்டு முறை துடைத்து வைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். எடை, பிலோமினா, ஹமீதாவிடம் சொல்லியனுப்பிய செய்தி, பரோட்டாக் கடை. லூர்தம்மாள் கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்ப அவன் யார் பேரயும் சொல்லலயா?"

"சொல்லல."

லூர்தம்மாள் கண்ணை மூடினாள். பிறகு கட்டைவிரலைச் சேலையில் துடைத்துத் திரையில் வைத்தாள். எழுந்து செருப்பை மாட்டினாள்.

இருவரும் முதலில் பிலோமினா வீட்டுக்குப் போனார்கள். கதவு பாதி திறந்தது. ஜெனோவா வாசலில் நின்றே சொன்னாள். நான் சொன்னது பொய் சித்தி, அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, அவனைக் காணவில்லை, தயவுசெய்து ஒரு தடவை பலகையில் பாருங்கள், பார்த்துவிட்டு நாலு பேரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிலோமினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னைக்கு என்ன சொன்ன? தேடுறவங்க பேரத்தான் எடுக்காங்கன்னு சொன்ன. இன்னைக்கு வாசல்ல நின்னு தேடு தேடுன்னு சொல்லுத."

"சித்தி, அது பொய்."

"எது பொய்? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்லுததா?" பிலோமினா கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். அது கோபமல்ல, பயம். "எம்மவனும் அன்னைக்குத் துறையிலதான் நின்னான். எத்தன பேரு வேணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க ஒங்கள?"

ஐம்பது என்பது ஜெனோவாவின் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிலோமினா பின்பக்கமாக யாரையோ கூப்பிட்டாள். அந்தக் குரல் கொல்லை வழியாக அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அங்கே வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். அதற்கடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. அதற்கடுத்ததும். இன்னும் வெயில் இறங்கவில்லை. தெருவின் கடைசி வரை கதவுகள் மூடிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது.

லூர்தம்மாள் மகளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அடுத்த வீட்டுப் படியேறி, மூடின கதவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"எம்பிள்ளயக் காணோம்" என்றாள். "வந்து என்னன்னு கேளுங்கட்டி."